தேத்தண்ணி மேடை யாருக்கு?

“பாய், இது என்னா?”

ராமையா கண்ணாடிக் குவளையை மேடைமேல் வைத்த வேகத்தில் தேத்தண்ணி தளும்பி வழிந்தது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மலை ஏறுவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் பசியாற வந்திருந்த நேரம். சிம்பாங் கடையில் உட்கார இடமில்லை. மேடைக்குப் பின்னால் நின்றிருந்த ஷஹாபுதீன் சிரித்த முகமாகத் தலையாட்டினார்.

“குடிங்கண்ணே, ஆறிடப் போவுது.”

“இது என்னான்னு கேட்டேன்.”

“ஆமாமா.”

“என்னா ஆமாமா? முந்தாநாளு சொன்னேன், நேத்து சொன்னேன், இப்பயும் சொன்னேன். பால் வேணாம், சீனி வேணாம், தே ஓ கோசோங் குடுங்கன்னு. எனக்கு இனிப்புநீரு. கிளினிக்ல நர்ஸ் மிஸி வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்புது. நீங்க என்னடான்னா அதே டின்பால ஊத்தி, அதே சீனியப் போட்டு, பாயாசம் மாதிரி ஆத்திக் குடுக்குறீங்க!”

“பாயாசம்னா அப்பளம் எங்கண்ணே?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கடை சிரித்தது. ஷஹாபுதீனும் சிரித்தார்.

ராமையா சிரிக்கவில்லை. தோட்டத்துக் கொழுந்து லோரியை ஓட்டுகிறவர் அவர். இந்தக் கடையில் முதல் தேத்தண்ணியைக் குடிக்காமல் லோரியில் சாவி போட்டதில்லை.

“என் வியாதி உங்களுக்குச் சிரிப்பா இருக்கு, என்ன? இருக்கட்டும் பாய். இனிமே இந்தப் படிய மிதிச்சா என் பேரு ராமையா இல்ல.”

அவர் போன பிறகும் ஷஹாபுதீனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. மேசை துடைத்துக்கொண்டிருந்த யாசீன் அருகில் வந்து அவர் கையைத் தொட்டான்.

“மொதலாளி, அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போறாரு.”

“ஏன்? என்ன சொன்னாரு?”

யாசீன் அவரை விழித்துப் பார்த்தான். உள்ளே குசினியின் வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ரொஹானா இதையெல்லாம் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

கம்போங் ராஜாவுக்குப் போகிற சடக்கில், தேயிலைத் தோட்டத்து மண்பாதை வந்து சேரும் முனையில், சிம்பாங்கில், இருக்கிறது அந்தக் கடை. தேத்தண்ணி, காப்பி, ஐஸ் போட்டது, போடாதது எல்லாமே அங்கே ‘தண்ணி’தான். தண்ணி கலக்கும் மேடை ஷஹாபுதீனுடையது. யார் வந்தாலும் வாசலில் தலை தெரியும்போதே அவர் கை குவளையை எடுத்துவிடும். “பாய்க்கு வாயத் தொறந்து சொல்ல வேணாம், மூஞ்சியப் பாத்தே கலக்கிடுவாரு” என்று தோட்டத்து ஆட்கள் வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிப்பார்கள். அவருக்கும் அது பெருமைதான். அந்தப் பெருமைக்குப் பின்னால் இரண்டு வருஷமாக அவர் காது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது ரொஹானாவைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். வழக்கமாகக் குடிப்பதையே எல்லாரும் குடித்தவரை தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

கூட்டம் கரைந்ததும் ரொஹானா மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“காது மெஷின் எங்க?”

“இருக்கு.”

“எங்க இருக்குன்னு கேட்டேன்.”

அவர் அலமாரியில் ஒரு காலிப் பால்டின்னைக் காட்டினார். ரொஹானா அதை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே உருண்டது.

“நல்ல எடம் பாத்து வச்சிருக்கீங்க. டின்னுக்குக் காது கேக்கட்டும்னா?”

“மாட்டிப் பாத்தேன் ரொஹானா. ஒரு நாள் முழுக்க மாட்டிப் பாத்தேன். ஒரு ஸ்பூன் விழுந்தா மண்டைக்குள்ள இடி விழுது. யாசீன் பேசுறது கேக்கல, தட்டு கழுவுறது கேக்குது.”

“ராமையா அண்ணனுக்கு இனிப்புநீரு. அதத்தான் மூணு நாளா சொல்லிருக்காரு. நீங்க சீனியப் போட்டுக் குடுத்துட்டு சிரிச்சிருக்கீங்க.”

ஷஹாபுதீன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேடையை மறுபடி துடைத்தார்.

“அல்லாவே. நான் அவர் சளி புடிச்சிருக்குன்னு சொல்றாருன்னு நெனச்சேன். அதான் சூடாக் குடுத்தேன்.”

“அவரு நல்லா இருக்காரு, நம்ம நல்ல காலம். நாளைக்கு ஒரு பிள்ளைக்குப் பால் ஆகாதுன்னு ஆத்தாக்காரி சொல்லுவா. நீங்க அதுக்கும் ஆமாமான்னு ஊத்துவீங்க. என்னால முடியாது. ஈப்போவுல நம்ம சொந்தக்காரப் பையன் கைருல் வேலை தேடிக்கிட்டு இருக்கான். நல்லா தண்ணி கலக்குவான். திங்கக்கெழம வரச் சொல்றேன். நீங்க கல்லாவுல உக்காருங்க.”

“கல்லாவுலயா? அங்கதான் எல்லாரும் கடைக்கு வெளிய நின்னு, சடக்கப் பாத்துக்கிட்டுப் பேசுவாங்க.”

“அப்ப வீட்ல உக்காருங்க.”

“வீட்ல உக்காந்தா டிவி சத்தம் பத்தலன்னு கூட்டி வைப்பேன். காது போச்சுன்னு நீ கத்துவ.”

“நான் வெளையாடல.”

“தெரியுது. ஒன் மூஞ்சி வெளையாடல.” அவர் துண்டை மடித்தார். “இந்த மேடைய விட்டா நான் என்னாவேன் ரொஹானா?”

ரொஹானா திரும்பிக்கொண்டாள். குசினியை நோக்கி நடந்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “சனிக்கெழம சாயங்காலம் அவனுக்குப் பதில் சொல்லணும்.”

அது அவருக்குக் கேட்கவில்லை. யாசீன் ஓடிவந்து, விரலை மடக்கிக் காட்டி, “சனி, சனி” என்றான்.

*

மத்தியானம் மழை விட்டதும் ஷஹாபுதீன் தோட்டத்து மண்பாதையில் ஏறினார். ராமையாவின் லோரி மேல் சடக்கில் கொழுந்து மூட்டைக்காகக் காத்து நிற்கும் நேரம் அது. சரிவில் கொழுந்து வெட்டும் ஜெயாவின் கூட்டம் வேலையில் இருந்தது. செடி நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடக்கும் மெஷின் அது. செடியின் தலைமேல் உறுமிக்கொண்டு போகும். வெட்டிய கொழுந்து பின்னால் கட்டிய நீளப் பைக்குள் பறந்து விழும். ஒரு முனையில் கூட்டத்தை நடத்தும் மண்டோர் ஜெயா, மறு முனையில் புவனேஸ். இரண்டு பேர் காதிலும் பெரிய காதடைப்பு.

“ஜெயா! ராமையா லோரி எந்தப் பக்கம் நிக்கிது?”

ஜெயா திரும்பவில்லை.

“ஜெயாம்மா! ஏ ஜெயா!”

மெஷின் நகர்ந்துகொண்டே இருந்தது. அவர் இன்னும் கத்தினார். கையைத் தட்டினார். தொண்டை கரகரத்தது. இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு திமிர், ஒரு மனுஷன் கீழே நின்று கத்துகிறான், திரும்பிப் பார்க்கவில்லையே என்று கோபம் ஏறிய அதே நொடியில், காலையில் கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டுப் போன ராமையாவின் முகம் ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

புவனேஸ் தன் பக்கத்துப் பிடியை ஒரு சாண் கீழே இறக்கினாள். ஜெயா நிமிர்ந்தாள். இரண்டு பேரின் கண்ணும் சந்தித்த பிறகுதான் புவனேஸ் பைப்பக்கம் தலையைச் சாய்த்தாள். பை நிறைந்துவிட்டது. ஜெயா மோவாயைத் தூக்கினாள். நிரையின் கோடிவரை போய்விடலாம். ஒரு சொல் இல்லை. கோடிக்குப் போய் மெஷினை நிறுத்தித் திரும்பியபோதுதான் ஜெயா அவரைப் பார்த்தாள்.

“பாய்! எப்ப வந்தீங்க? கூப்புட்டிருக்கலாம்ல?”

“கூப்புட்டேனா! தொண்டையே கிழிஞ்சிருச்சி.”

“கிழிஞ்சும் என்னா பண்றது? மெஷின் ஓடுற வரைக்கும் எங்க கூட்டம் மொத்தமும் செவிடுதான். முன்னால வந்து நிக்கணும். மொதல்ல கண்ணப் புடிக்கணும், அப்புறம்தான் சேதி.” காதடைப்பைக் கழுத்துக்கு இறக்கினாள். “புதுசா வர்றவங்க எல்லாம் இப்படித்தான். நிரைக்குப் பின்னால நின்னு கத்து கத்துன்னு கத்திட்டு, மண்டோரு மதிக்கலன்னு துரைகிட்ட போய்ச் சொல்லுவாங்க.”

ஷஹாபுதீன் செருப்பில் ஒட்டிய சேற்றை ஒரு கல்லில் தேய்த்தார்.

“எனக்கு மெஷின் ஓடாமயே அப்படித்தான் ஜெயா. காது கேக்க மாட்டேங்குது.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நீங்க என் வாயப் பாத்துத்தானே பேசுறீங்க. குளிருக்கு நான் ஷால மூக்கு வரைக்கும் சுத்திக்கிட்டு வந்தா, கூரையப் பாத்துக்கிட்டு ஆமாம்மா, ஆமாம்மாங்கிறீங்க. ஒரு நாளு, கடை தீப்புடிச்சி எரியுது பாய்னு சொல்லிப் பாத்தேன். அல்ஹம்துலில்லாஹ்ன்னீங்க.”

புவனேஸ் மூட்டைமேல் சாய்ந்து சிரித்தாள். ஷஹாபுதீனுக்கும் சிரிப்பு வந்தது. இந்த முறை எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தார்.

“அப்ப ஏம்மா சொல்லல?”

“நீங்க பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க. அத நான் போயி எல்லார் முன்னாலயும் போட்டு ஒடைக்கவா? நீங்க சொன்னா சொல்லலாம். லோரி அந்தா, தண்ணித்தொட்டிகிட்ட நிக்கிது. போங்க. பின்னால போயி நிக்காதீங்க, கண்ணாடிக்கு நேரா நில்லுங்க.”

லோரி உறுமிக்கொண்டு நின்றது. ராமையா அவரைப் பார்த்ததும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். ஷஹாபுதீன் லோரியின் படியில் ஏறி, கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, லோரிய நிறுத்துங்க. என் மூஞ்சியப் பாத்துத் திட்டுங்க. நீங்க திட்டுறது ஒன்னுமே வெளங்கல.”

ராமையா சட்டென்று திரும்பினார். சாவியைத் திருகினார். மலை முழுக்க அமைதியானது.

“என்னா சொன்னீங்க?”

“எனக்குக் காது கேக்காதுண்ணே. ரெண்டு வருஷமா. நீங்க கோசோங்னு சொன்னது எனக்கு வந்து சேரவே இல்ல. ஒங்க மூஞ்சியப் பாத்தேன், எப்பவும் போடுறதப் போட்டேன்.”

“கடையே சிரிச்சிச்சு பாய். நீங்களும் சிரிச்சீங்க.”

“எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன். என்னா சங்கதின்னு தெரியாமலே சிரிச்சிக்கிட்டிருக்கேன்.”

ராமையா மீசையைத் தடவினார்.

“அப்ப நான் சொன்ன தைப்பிங் ஆட்டுக் கதை? ஆடு லோரிக்குள்ள ஏறிக்கிச்சே?”

“கேக்கல.”

“மாமியாரு ஏர்போர்ட்ல காணாமப் போனது?”

“கேக்கலண்ணே.”

“அதான பாத்தேன்! எங்க வீட்ல ஒருத்தரும் சிரிக்காத கதைக்கு நீங்க மட்டும் அவ்ளோ சிரிச்சீங்களேன்னு.” அவர் சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். “ஆனா இத இங்க வந்து என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? என் இனிப்புநீரு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ஒங்க காது மட்டும் ரகசியமா? கடையில, அத்தனை பேரு முன்னால சொல்லுங்க. அப்ப வர்றேன்.”

*

மறுநாள் கடையை யாசீனிடம் விட்டுவிட்டு, ரொஹானா அவரை ஈப்போவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது மெஷின் கொடுத்த இடத்தில் நஜிஹா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பேச்சு பினாங்குத் தமிழ். ஷஹாபுதீனின் நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தாள்.

“மொத நாளே கடைக்கு மாட்டிட்டுப் போனீங்களா அங்கிள்?”

“ஆமா.”

“காலையில கூட்டத்துல?”

“ஆமா.”

“புதுச் செருப்பப் போட்டுட்டு மொத நாளே மலை ஏறினா கடிக்காம என்னா செய்யும்? வீட்ல, அமைதியா இருக்கிற எடத்துல கொஞ்சம் கொஞ்சமாப் பழகியிருக்கணும். ரொம்ப நாளா சத்தமே போகாத மூளைக்கு எல்லாச் சத்தமும் ஒன்னாப் போனா, எத எடுக்கிறது எத விடுறதுன்னு அதுக்குத் தெரியாது.” மெஷினைக் கணினியில் இணைத்து எதையோ மாற்றினாள். “எரைச்சலான எடத்துக்குத் தனியா ஒன்னு வச்சித் தர்றேன். முன்னால நிக்கிறவங்க குரல எடுக்கும், பின்னால வர்றதக் குறைக்கும். ஆனா ஒன்னு சொல்லிடுறேன். இது பாதி வேலதான் செய்யும்.”

“மீதிய யாரு செய்யறது?” என்றாள் ரொஹானா.

“நீங்க, ஆன்ட்டி.”

“நானா?”

“அங்கிள் நிக்கிற எடத்துக்குப் பின்னால என்னா இருக்கு?”

“பெரிய காத்தாடி. பொகை இழுக்கிறது.”

“மேல?”

“டிவி.”

“கூப்புடுறவங்க எங்க நிப்பாங்க?”

“மேசைகிட்ட நின்னே கத்துவோம். எல்லாக் கடையிலயும் அப்படித்தானே?”

“கத்தினா வாய் கோணிக்கும், சத்தமும் ஒடஞ்சிப் போகும். கிட்ட வந்து, முகத்தக் காட்டி, சாதாரணமாப் பேசுங்க.”

“நான் கத்தலன்னா குசினியில ஒருத்தனும் வேலை செய்ய மாட்டானுங்களே!”

“அவங்ககிட்ட கத்துங்க. இவர்கிட்ட வேணாம்.” நஜிஹா ஷஹாபுதீன் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒன்னு செய்யணும் அங்கிள். வெளங்கலன்னா தலையாட்டாதீங்க. கேட்டதத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்க. தப்புன்னா அவங்க திருத்துவாங்க.”

“திருப்பித் திருப்பிக் கேட்டா கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களே.”

“தலையாட்டினப்ப கோவிச்சுக்கலையா?”

ரொஹானா புருஷனைப் பார்த்தாள். ஷஹாபுதீன் வேறு பக்கம் பார்த்தார். அன்று திரும்பும்போது, கேட்காத மாதிரி அவர் நடித்துக்கொண்டு வந்தார். ரொஹானா அவர் தோளைத் தட்டித் தட்டித் திருப்பி, நஜிஹா கேட்ட அந்தக் கேள்வியையே மூன்று தரம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

*

அன்று சாயங்காலமே கடையில் தட்டுமுட்டுச் சாமான் இடம் மாறியது. காத்தாடி குசினிக்குப் போனது. தண்ணி மேடையைத் தள்ளிக் கெட்டியான சுவரில் முதுகு படுகிற மாதிரி போட்டார்கள். டிவியின் குரல் அடங்கியது. பந்தாட்டம் பார்க்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். யாசீனுக்குத்தான் பெரிய துக்கம்.

“ஆறாம் மேசைக்கு தே தாரே ரெண்டு, ஒன்னு சீனி கம்மி, கூராங் மானிஸ்ஸ்ஸுன்னு இழுத்துக் கத்துனாத்தான் மொதலாளி நம்ம கடைக்கு களை! ராமநாதபுரத்துலேருந்து இந்தத் தொண்டைய நம்பித்தான் கப்பலேறி வந்தேன்.”

“நீ வந்தது ஏரோப்ளேன்ல.”

“அதுவும் தொண்டைக்குத்தான் டிக்கெட் குடுத்தான். இப்ப கிட்ட வந்து காதல் பண்றவன் மாதிரி மெதுவாப் பேசணுங்கிறீங்க.”

“மெதுவா இல்லடா. நேரா.”

காலையில் ஜெயாவின் கூட்டம் பசியாற வந்தது. மேசையிலிருந்தே யாரும் கூப்பிடவில்லை. புவனேஸ் கையை உயர்த்தி, ஷஹாபுதீனின் கண் தன் மேல் விழும்வரை காத்திருந்து, சீனி இல்லை என்பதற்கு விரலை வளைத்து ஒரு சுழி காட்டினாள். நிரையில் பை காலி என்பதற்குக் காட்டும் அதே சுழி. யாசீன் அதை உடனே பிடித்துக்கொண்டான். ஐஸுக்கு உடம்பை நடுக்கிக் காட்டினான். பொங்குஸ், அதாவது கட்டிக்கொண்டு போவதற்குக் கழுத்தில் சுருக்குப் போட்டுக் காட்டினான்.

“யாசீன்! தண்ணி பொங்குஸா, இல்ல நீ தூக்குல தொங்கப் போறியா?” என்றாள் ஜெயா.

ஷஹாபுதீன் ஒரு ஸ்பூனால் குவளையைத் தட்டினார். அந்தச் சத்தம் இப்போது காதுக்குள் கூர்மையாக விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுத்துக்கொண்டார். ஷாலை முகத்தில் சுற்றியவர்கள், ரொட்டியைப் பிய்த்தவர்கள், வாசலில் சிகரெட்டோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“ஒரு சேதி. எனக்குக் காது சரியாக் கேக்காது. ரெண்டு வருஷமா மறைச்சு வச்சேன். ராமையா அண்ணன் சீனி வேணாம்னு சொல்லியும் போட்டுக் குடுத்துட்டேன். அது என் தப்பு. இனிமே யாரும் பின்னாலேருந்து கூப்புடாதீங்க. ஷால எறக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லுவேன். தப்பாச் சொன்னா திருத்துங்க.”

வாசல் பக்கமிருந்து தோட்டத்து நாகரத்தினம் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு மேடைக்கு நேரே வந்து நின்றார்.

“பாய், ஒரு சந்தேகம். அப்ப போன வருஷம் ரொட்டி ரப்பராட்டம் இருக்குன்னு நான் ஒரு மாசம் திட்டினேனே. எல்லாம் வீணா?”

“மறுபடி திட்டுங்க. இப்பக் கேக்குது.”

சிரிப்பு அடங்குவதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராமையா உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. மேடைக்கு முன் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

“தே ஓ. கோசோங். சூடா.”

“தே ஓ கோசோங், சூடா.”

“ஆமா.”

ஷஹாபுதீன் கலக்கிக் கொடுத்தார். ராமையா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“த்தூ! கசாயம்!”

“கேட்டதத்தான் குடுத்தேன்.”

“அதான் வயித்தெரிச்சல். நல்லாக் கலக்குங்கன்னு சொல்லக்கூட வழியில்ல.”

கூட்டம் மலை ஏறிப் போன பிறகு ரொஹானா மேடைக்கு முன் வந்தாள். அவளுடைய முகம் இளகியிருந்தது. ஆனால் முழுதாக இல்லை.

“இவங்கல்லாம் நம்ம ஆளுங்க. நீங்க என்னா சொன்னாலும் பொறுத்துக்குவாங்க. நாளைக்கு சனி. பள்ளிக்கூட லீவு. கீழேருந்து சுத்திப் பாக்குறவங்க காடி காடியா வருவாங்க. அவங்களுக்கு உங்க காதப்பத்தி என்னா தெரியும்?”

“அவங்களுக்கும் சொல்லுவேன்.”

“ஒவ்வொருத்தருக்கும்?”

“ஒவ்வொருத்தருக்கும்.”

“பாக்குறேன்,” என்றாள் ரொஹானா.

*

சனிக்கிழமை கியா பார்ம் சந்தையிலிருந்து வந்த காடிகள் சடக்கில் நகரவே இல்லை. ஸ்ட்ராபெரி வாங்கியவர்கள், கீரை வாங்கியவர்கள், தேயிலை மலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் மழைக்கு ஒதுங்கி சிம்பாங் கடைக்குள் நுழைந்தார்கள். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் நல்ல காதுகளுக்கே எதுவும் கேட்கவில்லை. ரொஹானா குசினி வாசலைவிட்டு நகராமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதில் வெள்ளையாக எதையோ செருகிக்கொண்டு ஓர் இளைஞன் போனைப் பார்த்தபடியே தண்ணி சொன்னான்.

“தம்பி,” ஷஹாபுதீன் மேடையைத் தட்டினார். தன் காதைக் காட்டினார். “நானும் காதுல மாட்டிருக்கேன், நீங்களும் மாட்டிருக்கீங்க. ரெண்டு பேருல ஒருத்தராவது கழட்டுனாத்தான் வேலை ஆவும். என்னால முடியாது.”

இளைஞன் அசடு வழியச் சிரித்துக் கழற்றினான். முகத்தை நேராகக் காட்டிச் சொன்னான். முகமூடி போட்ட பெண்மணியிடம் அதை இறக்கச் சொல்லிக் கேட்டார். மலாயில் பேசிய சீனக் குடும்பத்திடம் மலாயில் அதையே சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் மட்டும், “என்ன கடைலா இது, திருப்பித் திருப்பிக் கேக்குறான்” என்று முனகினார். அவருக்கும் சரியான தண்ணிதான் போய்ச் சேர்ந்தது.

ஒரு தப்பு நடந்தது. சூடாகக் கேட்டவளுக்கு ஐஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். அவள் குவளையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ரொஹானா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“நான் சூடாக் கேட்டேங்க.”

“திருப்பிச் சொல்லாம விட்டுட்டேன். என் தப்பு. சூடா ஒன்னு, சீனியோட?”

“சீனியோட.”

அவ்வளவுதான். அவள் நின்று வாங்கிக்கொண்டு போனாள். ரொஹானா எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஜன்னலோரத்து மேசையில் ஒரு குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பெரியவர் ஒருத்தர். பிள்ளைகளின் அம்மா யாசீனிடம் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் பெரியவரைப் பார்க்காமலே, “அப்பாவுக்கு ஒரு தே” என்று முடித்தாள். பெரியவர், எதிரே இருந்தவர்கள் சிரிக்கும்போதெல்லாம், ஒரு கணம் தாமதித்துச் சிரித்தார்.

ஷஹாபுதீன் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேடையைவிட்டு வெளியே வந்தார். கூட்ட நேரத்தில் அவர் மேடையைவிட்டு வெளியே வந்து ரொஹானா பார்த்ததில்லை.

அவர் அந்த மேசைக்குப் போனார். பெரியவருக்கு எதிரே குனிந்து, கண்ணைப் பிடித்தார்.

“ஐயா. உங்களுக்கு என்னா தண்ணி வேணும்?”

பெரியவர் மகளைப் பார்த்தார். பிறகு ஷஹாபுதீனின் வாயைப் பார்த்தார்.

“என்னையா கேக்குறீங்க?”

“ஆமா. உங்களைத்தான்.”

“காப்பி,” என்றார் பெரியவர். “கெட்டியா.”

“அப்பா, காப்பியா? நீங்க எப்பவும் தே தானே குடிப்பீங்க?”

“நீ எப்பவும் தே தானே சொல்ற?”

மகள் கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். நாற்காலியை அப்பாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “வேற என்னாப்பா சாப்புடுறீங்க?” என்றாள், இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேராக.

“காப்பி ஒன்னு, கெட்டியா,” என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஷஹாபுதீன் மேடைக்குத் திரும்பினார்.

மழை குறைந்திருந்தது. ரொஹானா போனை எடுத்தாள். குசினி வாசலில் நின்று, மேடையைப் பார்த்தபடி பேசினாள். பேசி முடித்துக் கூட்டத்துக்குள் வழி செய்துகொண்டு வந்து, அவருக்கு எதிரே நின்றாள்.

“யார்கிட்ட பேசினேன் தெரியுமா?”

“கைருல்கிட்ட.”

“என்னா சொன்னேன்?”

“வேலைக்கு வரச் சொன்ன. ரொட்டிக் கல்லுக்கு. தண்ணி மேடைக்கு ஆள் இருக்குன்ன.”

ரொஹானாவுக்குக் கண் விரிந்தது. “அங்கேருந்து கேட்டுச்சா!”

“கேக்கல. இன்னிக்குத்தான் நீ என் பக்கம் திரும்பி நின்னு பேசின.”

அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்ப முழுசாக் கேட்டுக்குங்க. கடை மூடுற வரைக்கும் அந்த மெஷின் காதுல இருக்கணும். டின்னுக்குள்ள பாத்தேன்னா, கைருலுக்கு மறுபடி போன் போடுவேன்.”

“கடை மூடுற வரைக்கும் காதுல. டின்னுல பாத்தா போன்.”

“என்னா, கிண்டலா?”

“திருப்பிச் சொல்றேன். அந்தப் பொண்ணு சொல்லிச்சுல்ல.”

ரொஹானா சிரித்துவிட்டாள். அதற்குள் வாசலில் இன்னொரு வேன் வந்து நின்று, நனைந்த ஆட்கள் இறங்கினார்கள். “வர்றாங்க பாருங்க,” என்றாள்.

“பாத்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு, ஷஹாபுதீன் கையை உயர்த்தி முதல் ஆளின் கண்ணைப் பிடித்தார்.